இரு வேறு நிறுவனங்களின் ரூட்டர்களைச் சேர்ப்பதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாதவை

ஒரே நெட்வொர்க்கில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ரூட்டர்களைச் சேர்த்து வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனிக் குழு இருக்கும், தனி ஆய்வகம் இருக்கும். சிறிய இடங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான். அப்படி ஒற்றை ஆளாக மாட்டிக்கொண்ட ஒருத்தி நான். அந்தச் சில வாரங்களில் நான் தேடிய தகவல்கள் எல்லாம் எங்கேயோ இருந்தன. ஆனால் எந்த வரிசையில் எதைச் சோதிக்க வேண்டும், எது சரியாக இருப்பது போலத் தோன்றி ஏமாற்றும் என்று தமிழில் சொல்ல ஒருவரும் இல்லை.

நான் வேலை செய்வது மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் சிறிய இணையச் சேவை நிறுவனத்தில். கேபிள் டிவி தொழிலிலிருந்து பிராட்பேண்டுக்கு வந்தவர் எங்கள் முதலாளி. வெளியுலகத்துக்குப் போக இரண்டு அப்ஸ்ட்ரீம் இணைப்புகள், அவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்றாக இரண்டு எல்லை ரூட்டர்கள். இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு, எனக்கு முன்பிருந்தவர் அமைத்தவை. ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழிகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகளில், எங்கள் நெட்வொர்க்கின் உள்ளே ஓஎஸ்பிஎஃப், வெளி நெட்வொர்க்குகளுடன் பிஜிபி. ஒன்றுக்கு ஆயுள் முடிந்து உதிரிபாகம் கிடைக்காமல் போனபோது, அதே நிறுவனத்தின் புதிய மாடலுக்குக் கேட்ட விலையில் ஏறக்குறைய பாதிக்கு வேறொரு நிறுவனத்தின் ரூட்டர் கிடைத்தது. விற்பனையாளர் தந்த அட்டவணையில் ஓஎஸ்பிஎஃப்வி2, பிஜிபி-4 எல்லாவற்றுக்கும் எதிரே டிக் அடித்திருந்தது. "இரண்டும் ஆர்எஃப்சி-யைப் பின்பற்றுகின்றன மேடம், மாட்டினால் ஓடும்" என்றார். ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணம். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டும் பின்பற்றின. ஆனால் ஆர்எஃப்சி ஒவ்வொன்றிலும் செயலாக்குபவரின் விருப்பத்துக்கு விட்ட இடங்கள் உண்டு. அந்த இடங்களில்தான் நான் விழுந்து எழுந்தேன்.

முதல் சிக்கல் இணைத்த அன்றே வந்தது. இரண்டு ரூட்டர்களும் ஒன்றையொன்று கண்டுகொண்டன, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லும் ஹலோ பாக்கெட்டுகள் போய் வந்தன, ஆனால் நெய்பர் (பக்கத்து ரூட்டருடனான உறவு) நிலை ஒரு பக்கம் எக்ஸ்ஸ்டார்ட், மறுபக்கம் எக்ஸ்சேஞ்ச் என்று, உறவு முழுமையாவதற்கு முந்தைய படிகளிலேயே நின்றது. சிறிது நேரத்தில் விழும், மறுபடி எழும், மறுபடி அதே இடத்தில் நிற்கும். காரணம் எம்டியூ, அதாவது ஓர் இணைப்பில் துண்டாக்காமல் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. 1998-இல் வெளியான ஆர்எஃப்சி 2328-இன்படி, டேட்டாபேஸ் (ரூட்டர் வைத்திருக்கும் நெட்வொர்க் தகவல் தொகுப்பு) விவரப் பாக்கெட்டில் எதிராளி குறிப்பிடும் எம்டியூ, தன்னால் துண்டாக்காமல் வாங்கக்கூடிய அளவைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பாக்கெட்டை நிராகரிக்க வேண்டும். ஹலோ பாக்கெட்டில் எம்டியூ பற்றிய பேச்சே கிடையாது. அதனால்தான் அதுவரை எல்லாம் சரியாகத் தெரிகிறது. நான் இரண்டு பக்கமும் 9000 என்றுதான் கொடுத்திருந்தேன். ஆனால் 9000 என்பதை ஒரு பெட்டி ஐபி பாக்கெட்டின் அளவாக எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டையும் சேர்த்து எண்ணுகிறது. இரண்டாவதில் ஐபிக்கு மிஞ்சுவது 8986. சிஸ்கோ ரூட்டர்களின் மென்பொருளான ஐஓஎஸ் முதல் வகை, ஜூனிபர் ரூட்டர்களின் ஜூனோஸ் இரண்டாம் வகை. சிஸ்கோவுக்குள்ளேயே ஐஓஎஸ் எக்ஸ்ஆர் தலைப்பைச் சேர்த்து எண்ணும். எல்லாம் அவரவர் ஆவணங்களில் எழுதியே இருக்கிறது, படிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால்.

இந்த இடத்தில் கவனமாக இருங்கள். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் ஆலோசனை, எம்டியூ சரிபார்ப்பையே புறக்கணிக்கச் சொல்லும் கட்டளையைப் போடுங்கள் என்பது. போட்டால் நெய்பர் உடனே எழுந்துவிடும். ஆனால் இணைப்பின் உண்மையான அளவு மாறவில்லையே? நெட்வொர்க் வளர்ந்து, ஒரு நாள் முழு அளவிலான அப்டேட் பாக்கெட் ஒன்று கிளம்பும்போது அது மறுபக்கம் சேராது. திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்குள் இந்தக் கட்டளையைப் போட்டதே எல்லோருக்கும் மறந்திருக்கும். சரியான வழி, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் இரண்டு பக்கத்திலிருந்தும் பிங் செய்து பார்ப்பது. ஐபி எம்டியூ 1500 என்றால் பிங்கின் உள்ளடக்கம் 1472 பைட், 9000 என்றால் 8972. 28 பைட் ஐபி மற்றும் ஐசிஎம்பி தலைப்புகளுக்குப் போகும். சில கருவிகளில் பிங் அளவு என்று கேட்பது தலைப்புகளையும் சேர்த்த மொத்த அளவை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விஎல்ஏஎன் (ஒரே கம்பியில் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க்குகள்) இருந்தால் இன்னொரு 4 பைட் கணக்கில் நுழையலாம். இணைப்பில் பிங் தேறிய பிறகுதான் ஓஎஸ்பிஎஃப்-ஐத் தொட வேண்டும் என்பதை இப்போது விதியாகவே வைத்திருக்கிறேன்.

எம்டியூவைச் சரிசெய்ததும் நெய்பர் நிலை ஃபுல் (உறவு முழுமை) என்று வந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் வந்த நிம்மதி பெரிது. ஆனால் ரூட்டிங் அட்டவணையில் எதிர்ப்பக்கத்து ரூட் (வழி) ஒன்றுகூட இல்லை. டேட்டாபேஸைத் திறந்தால் எல்லாத் தகவலும் அங்கே இருக்கிறது. நெய்பர் ஃபுல், டேட்டாபேஸ் முழுமை, ரூட் பூஜ்யம். எனக்கு இது பேய் பிடித்தது போல இருந்தது. விற்பனையாளரின் உதவி மையத்துக்கு அழைத்தேன். "ஃபுல் வந்துவிட்டதே, எங்கள் பக்கம் வேலை முடிந்தது, பழைய ரூட்டர்காரர்களைக் கேளுங்கள்" என்றார்கள். பழைய ரூட்டருக்கு ஆதரவு ஒப்பந்தம் இருந்த நிறுவனமோ, புதிதாக வந்ததுதானே பிரச்சினை என்றது. இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், இருவருமே கைவிரித்தார்கள். அன்று இரவு அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, இந்த வேலைக்கே நான் தகுதியில்லையோ என்று வந்த எண்ணத்தை மறைக்க விரும்பவில்லை. இதே நிலையில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், இது உங்கள் தகுதியைப் பற்றிய கேள்வி இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

விடை இன்டர்ஃபேஸின் வகையில் இருந்தது. பழைய ரூட்டரில் ஈதர்நெட் இணைப்பு இயல்பாக பிராட்காஸ்ட் வகை. புதியதில் விற்பனையாளர் தந்த மாதிரி அமைப்பு அதைப் பாயின்ட் டு பாயின்ட் என்று வைத்திருந்தது. இரண்டு வகைக்கும் ஹலோ இடைவெளி 10 விநாடி, ஹலோ வராவிட்டால் உறவு விழும் டெட் நேரம் 40 விநாடி என்பதால் நெய்பர் உறவுக்குத் தடையே வரவில்லை. ஆனால் ஒரு ரூட்டர் தன் இணைப்பை, பலர் கூடும் பொது நெட்வொர்க் என்று விவரிக்கிறது. மற்றது நேராக இன்னாருடன் இணைந்திருக்கிறேன் என்கிறது. மிகக் குறுகிய பாதையைக் கணக்கிடும்போது, ஒவ்வொரு இணைப்பும் இரு பக்கத்திலிருந்தும் ஒத்துப்போகிறதா என்று அல்காரிதம் சரிபார்க்கும். ஒத்துப்போகாததால் எதிராளியை எட்டவே முடியாது என்று முடிவு செய்து, அவனிடமிருந்து வந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் பாயின்ட் டு பாயின்ட் என்று எழுதியதும் ரூட்டுகள் வந்து நிறைந்தன.

இதைக் கண்டுபிடிக்க உதவியது எந்த உதவி மையமும் அல்ல. இணைப்பின் நடுவே ஒரு சுவிட்சை வைத்து, போர்ட் மிரர் செய்து (போகும் பாக்கெட்டுகளின் நகலை எடுத்து), டிசிபிடம்ப்பில் பிடித்த பாக்கெட்டுகளை வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு மென்பொருளில் திறந்து வரிவரியாகப் படித்தேன். ரூட்டரின் திரை, அந்த ரூட்டர் என்ன நினைக்கிறது என்பதைத்தான் சொல்லும். கம்பியில் உண்மையில் என்ன போனது என்பது பாக்கெட்டில்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. பிறகொரு முறை உதவி மையத்துக்கு எழுதியபோது விளக்கத்தோடு பாக்கெட் கோப்பையும் இணைத்தேன். மற்ற நிறுவனத்தைக் கைகாட்டும் பதில் அதற்குப் பிறகு வரவேயில்லை. நேரடியாகப் பொறியாளர் ஒருவரே பேசினார். இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் நிற்பவர் கையில் இருக்க வேண்டியது அந்தக் கோப்புதான்.

இவையெல்லாம் வேலை தொடங்கும்போதே கத்திக் காட்டிக்கொடுத்த சிக்கல்கள். பணத்தைக் கரைத்தது சத்தமே போடாத ஒன்று. மாற்றம் முடிந்து, எல்லா நெய்பரும் எழுந்து, வாடிக்கையாளர்கள் யாரும் குறை சொல்லாமல் சில நாட்கள் போயின. பிறகு மாலை நேரங்களில் வேகம் குறைகிறது என்று அழைப்புகள் வரத் தொடங்கின. வரைபடத்தைப் பார்த்தால் முதல் அப்ஸ்ட்ரீம் இணைப்பு நிரம்பி வழிகிறது, புதிய ரூட்டரில் இருக்கும் இரண்டாவது இணைப்பு ஏறக்குறைய காலியாகக் கிடக்கிறது. முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இரண்டு லைனுக்கும்தானே பணம் கட்டுகிறோம்? ஒன்று ஏன் சும்மா கிடக்கிறது?" என்றார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். எந்த வழியை ஏற்பது, எதை அறிவிப்பது என்று பழைய ரூட்டரில் என்ன கொள்கை இருந்ததோ அதையே ஒவ்வொரு வரியாகப் புதியதன் மொழியில் எழுதியிருந்தேன், விடுபட்டது எதுவுமில்லை.

எங்கள் உள் சுவிட்சுகளில் பிஜிபி கிடையாது. அதனால் அப்ஸ்ட்ரீமிலிருந்து வரும் சில நூறு முக்கியமான ரூட்டுகளை மட்டும் எல்லை ரூட்டர்கள் ஓஎஸ்பிஎஃப்-க்குள் கொட்டும். அப்படியானால் ஒவ்வொரு எல்லை ரூட்டரும் ஒரே முகவரிக்கு இரண்டு வழிகளைப் பார்க்கும்: தன் சொந்த பிஜிபி வழி ஒன்று, பக்கத்து ரூட்டர் ஓஎஸ்பிஎஃப்-இல் அறிவித்த வழி ஒன்று. எதைத் தேர்ந்தெடுப்பது? இதை எந்த நெறிமுறையும் சொல்வதில்லை. வெவ்வேறு நெறிமுறைகளுக்கு இடையே எதை நம்புவது என்பது அந்தந்தத் தயாரிப்பாளரின் முடிவு. சிஸ்கோவில் வெளி பிஜிபிக்கு முன்னுரிமை எண் 20, ஓஎஸ்பிஎஃப்-க்கு 110. சிறிய எண் வெல்லும், எனவே பிஜிபி வெல்லும். எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருளும் அதே வழக்கம்தான். ஜூனிபரில் ஓஎஸ்பிஎஃப் உள் ரூட்டுக்கு 10, வெளியிலிருந்து கொட்டப்பட்ட ரூட்டுக்கு 150, பிஜிபிக்கு 170. அங்கே ஓஎஸ்பிஎஃப் வெல்லும். இரண்டுமே வெளிப்படையான, நியாயமான வழக்கங்கள். ஒரே வழக்கமுள்ள இரண்டு ரூட்டர்கள் இருந்தவரை ஒவ்வொன்றும் தன் இணைப்பையே பயன்படுத்தின. எதிரெதிர் வழக்கமுள்ள இரண்டைச் சேர்த்ததும், புதியது தன் சொந்த இணைப்பை விட்டுவிட்டுப் பக்கத்து ரூட்டர் வழியாகவே எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு பிழைச்செய்தி இல்லை, ஓர் எச்சரிக்கை விளக்கு இல்லை. இரண்டும் தத்தம் விதிப்படி மிகச் சரியாக வேலை செய்தன.

நஷ்டம் அதற்குள் ஆகிவிட்டிருந்தது. எங்கள் முதல் அப்ஸ்ட்ரீம் ஒப்பந்தம் 95-ஆம் சதமானக் கணக்கில் ஓடுவது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டை அளந்து, மாதத்தின் உச்ச 5 சதவீத அளவீடுகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் மிகப் பெரியதற்குக் கட்டணம் போடுவார்கள். 30 நாள் மாதத்தில் தள்ளுபடியாவது 36 மணி நேரம். எங்களுக்கோ தினமும் மாலை முழுவதும் நிரம்பி ஓடியது. அந்த 36 மணி நேரம் எந்த மூலைக்கும் போதவில்லை. அந்த மாதம் ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்டினோம். ரூட்டரில் மிச்சப்படுத்திய பணத்தில் பெரும் பங்கு அங்கேயே போனது. வேகக் குறைவைப் பொறுக்காமல் ஓர் அலுவலக வாடிக்கையாளர் வேறு இடத்துக்கு மாறினார். அவரை நாங்கள் சிரமப்பட்டுப் பிடித்திருந்தோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இரண்டாவது ரூட்டரில் முன்னுரிமை எண்களை நானே வெளிப்படையாக எழுதிய பிறகு, சில நிமிடங்களில் போக்குவரத்து இரண்டாகப் பிரிந்தது.

எனவே சோதனைத் திட்டம் எழுதும்போது முதல் பக்கத்தில் இயல்பு மதிப்புகளின் பட்டியல் இருக்கட்டும். இரண்டு கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் பெட்டி தானாக என்ன செய்யும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நெறிமுறைகளுக்கு இடையேயான முன்னுரிமை அதில் முதலாவது. ஓஎஸ்பிஎஃப் செலவுக் கணக்கின் (வழிகளை ஒப்பிட இணைப்புகளுக்குத் தரும் எண்) அடிப்படை வேகம் இன்னொன்று: பல கருவிகளில் அது 100 எம்பிபிஎஸ்; அப்படியே விட்டால் 1 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ் இரண்டுக்கும் செலவு 1 தான். சிஸ்கோவின் நெக்ஸஸ் வகையிலோ அது 40 ஜிபிபிஎஸ். பேர்ட் மென்பொருள் வேகத்தைப் பார்ப்பதேயில்லை, எழுதாவிட்டால் எல்லாவற்றுக்கும் 10. பழைய ஓஎஸ்பிஎஃப் வரையறையான ஆர்எஃப்சி 1583 முறைக்கு ஒத்துப்போகும் அமைப்பு எல்லா ரூட்டர்களிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரூட் சுழற்சி வரக்கூடும் என்று ஆர்எஃப்சி 2328-ஏ எச்சரிக்கிறது. பிஜிபி ஹோல்ட் நேரம் சிஸ்கோவில் 180 விநாடி, ஜூனிபரில் 90. இருவரில் சிறியதை எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அது ஓடிவிடும், ஆனால் எவ்வளவு நேரத்தில் இணைப்பு விழுந்ததாக முடிவு செய்யும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒத்துப்போனாலும் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது. மென்பொருள் பதிப்பு மாறும்போது இயல்பு மதிப்பும் மாறக்கூடும்.

அப்படி மாறிய ஒன்றையும் பார்த்தேன். சொந்த ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்காக லினக்ஸ் சர்வரில் எஃப்ஆர்ஆர் நிறுவினேன். பிஜிபி எஸ்டாப்ளிஷ்ட் ஆனது, ஆனால் ஒரு ரூட்டும் வரவில்லை, போகவில்லை. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212, கொள்கை எழுதாத வெளி பிஜிபி உறவில் எதையும் ஏற்கவும் கூடாது, அறிவிக்கவும் கூடாது என்கிறது. எஃப்ஆர்ஆர் பழைய பதிப்புகளில் எல்லாவற்றையும் விடும். புதிய பதிப்புகளில் இதைப் பின்பற்றுகிறது. ரூட் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பாலிசி என்ற சொல் அடைப்புக்குறிக்குள் நிற்கும். முன்பே பட்ட அனுபவத்தால் இது விரைவில் பிடிபட்டது. விதியும் நல்ல விதி, அதை அணைக்காதீர்கள். உரிய வடிகட்டியை எழுதுங்கள்.

நல்ல பாக்கெட்டுகளை மட்டும் வைத்துச் சோதிப்பது போதாது என்பதற்கு வரலாறே சாட்சி. 2010 ஆகஸ்ட் 27 அன்று, ஐரோப்பா உள்ளிட்ட பகுதிக்கு இணைய முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ரைப் என்சிசி, டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, யாரும் அதுவரை பயன்படுத்தாத புதிய பண்பு (ரூட்டுடன் செல்லும் கூடுதல் தகவல்) ஒன்றைச் சேர்த்து ஒரு பிஜிபி அறிவிப்பை வெளியிட்டது. விதிப்படி செல்லத்தக்க அறிவிப்புதான். ஐஓஎஸ் எக்ஸ்ஆர் ஓடிய ரூட்டர்கள் அந்தப் பண்பைச் சிதைத்து அடுத்தவருக்கு அனுப்பின. சிதைந்ததைப் பெற்ற மற்ற ரூட்டர்கள், அன்றைய விதியான ஆர்எஃப்சி 4271 சொன்னபடி உறவையே துண்டித்தன. அறிவிப்பைத் திரும்பப் பெறும்வரை இணையத்தின் ஒரு பகுதி தடுமாறியது. இந்தப் பிரச்சினைக்காகவே 2015-இல் ஆர்எஃப்சி 7606 வந்தது: சிதைந்த பண்பு வந்தால் முடிந்தவரை அந்த ரூட்டை மட்டும் விலக்கு, உறவை முறிக்காதே என்றது. அதன் பிறகும் 2023-இல் பல செயலாக்கங்களில் இதே வகை ஓட்டைகள் வெளிவந்து திருத்தப்பட்டன. எக்ஸாபிஜிபி என்ற இலவச மென்பொருளால் அறிமுகமில்லாத பண்புகளைச் சேர்த்து உங்கள் சோதனை ரூட்டருக்கு அனுப்பிப் பார்க்கலாம். உறவு விழுகிறதா, ரூட் மட்டும் போகிறதா, அடுத்த ரூட்டருக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்று மூன்றையும் பாருங்கள். ஆய்வகத்துக்குள் மட்டும் செய்யுங்கள், வெளி இணைப்பு எதுவும் அதில் இருக்கக் கூடாது.

இதற்கெல்லாம் பெரிய செலவு வேண்டாம். எஃப்ஆர்ஆர், பேர்ட், ஓபன்பிஜிபிடி மூன்றும் இலவசம். கன்டெய்னர்லேப் அல்லது ஜிஎன்எஸ்3-இல் ஒரு சாதாரணக் கணினியிலேயே நெட்வொர்க்கின் சிறு வடிவத்தைக் கட்டலாம். பல நிறுவனங்கள் தங்கள் ரூட்டரின் மெய்நிகர் பதிப்பையும் தருகின்றன. முன்னுரிமைச் சிக்கலை நான் பிறகு அப்படியே ஜிஎன்எஸ்3-இல் கட்டிப் பார்த்தேன். ஒரு மதியத்தில் தெரிந்திருக்கும். ஆனால் மெய்நிகர் ரூட்டர் எல்லாவற்றையும் காட்டாது. எம்டியூ, பிஎஃப்டி (இணைப்பு விழுந்ததை விரைவாகக் கண்டறியும் முறை) போன்றவை உண்மைப் பெட்டியின் வன்பொருளைப் பொறுத்தவை. எனவே மாற்றத்துக்கு முன் இரண்டு உண்மைப் பெட்டிகளையும் மேசையில் வைத்து ஒரு கம்பியால் இணைத்துப் பார்க்கவும் நேரம் ஒதுக்குங்கள். நெய்பர் எழுந்ததும் நிறுத்திவிடாமல், கம்பியைப் பிடுங்குங்கள், ரூட்டிங் செயல்முறையை மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள், ஒரு பக்கத்தின் அப்ஸ்ட்ரீமை மட்டும் வீழ்த்துங்கள். ஒவ்வொரு முறையும் நெய்பர் பட்டியலோடு நில்லாமல், பாக்கெட் எந்த வழியே போகிறது என்று இரண்டு திசையிலும் தடம் பாருங்கள்.

நெறிமுறைகளை எழுதியவர்களுக்கே இது தெரிந்திருந்தது என்பது பின்னாளில் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 1991-இல் வந்த ஆர்எஃப்சி 1264, ஒரு ரூட்டிங் நெறிமுறை தரநிலைப் பாதையில் முன்னேற வேண்டுமானால், தனித்தனியாக எழுதப்பட்ட செயலாக்கங்கள் ஒன்றோடொன்று ஓடுவதைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்றது. 2006-இல் பிஜிபி-4 திருத்தப்பட்டபோது நான்கு செயலாக்கங்களை ஒப்பிட்டு ஒரு தனி அறிக்கையே, ஆர்எஃப்சி 4276, வெளியானது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இயங்குகிறது. அத்தனை பேர் அத்தனை காலமாகச் செய்கிற வேலையை, மாட்டினால் ஓடும் என்ற ஒரு வாக்கியம் எங்களைப் போன்ற சிறியவர்களிடமிருந்து மறைத்துவிடுகிறது என்பதுதான் என் கோபம்.

இப்போது எங்கள் கொள்முதல் கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்திருக்கின்றன: பணம் முழுவதும் தருவதற்கு முன் எங்கள் பழைய ரூட்டருடன் மேசைச் சோதனை நடக்க வேண்டும், அதில் விற்பனையாளர் தரப்புப் பொறியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும். முதலில் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வேலை ஐபிவி6-க்காக ஓஎஸ்பிஎஃப்வி3. அதில் நெய்பரை அங்கீகரிக்க ஆர்எஃப்சி 4552 சொல்லும் ஐபிசெக் (ஐபி பாக்கெட்டுகளைப் பாதுகாக்கும் பொது முறை) ஒரு வழி, ஆர்எஃப்சி 7166 சொல்லும், பாக்கெட்டின் கடைசியில் சேர்க்கும் அங்கீகாரப் பகுதி இன்னொரு வழி. இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று பேசாது. ஓஎஸ்பிஎஃப்வி3-க்கு எதிரே இருக்கும் டிக் இந்த இரண்டில் எதைக் குறிக்கிறது என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகே பெட்டியைத் திறப்பேன்.